வெளுக்காத சிவப்பு

கன்டெய்னர் லாரி திரும்பும்போதெல்லாம்
என் மேஜை நடுங்கும்.
நுண்ணோக்கிக்குள் ஊதா செல்கள் குலுங்கி
மறுபடி நிற்கும்வரை
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பேன்.
பழைய வண்ணாரப்பேட்டை, இரண்டாம் மாடி,
கீழே ஜெராக்ஸ் கடை.

சீட்டு எண் 1147.
சவரிநாயகம், நாற்பத்தொன்று,
காசிமேட்டில் ஐஸ் பார் உடைப்பவர்.
முதுகெலும்பில் மூன்று இடத்தில் அரிப்பு,
பக்கத்தில் ஒரு கட்டி.
'வட்டுகள் பிழைத்திருக்கின்றன,
ஆகவே பரவிய புற்றாகலாம்' என்கிறது ஸ்கேன்.
எங்கிருந்து பரவியது என்ற இடத்தில்
ஒரு கேள்விக்குறி.
அதற்குப் பதில் தேடி
நுரையீரல், குடல், புராஸ்டேட் எல்லாம் பார்த்தாயிற்று.
மீன்பாடி வண்டியையும் விற்றாயிற்று.

ஊசி எடுத்துவந்தது அரை அங்குல நூல்.
அவ்வளவுதான் அவர் எனக்கு.

முதல் ஸ்லைடில் ரத்தம்.
இரண்டாவதில் எலும்புத் தூள்.
மூன்றாவதில்
திரிந்த பால் போல ஒரு வெளி,
அங்கே செத்தவற்றுக்கு உருவமே இல்லை.
அதன் கரையில், உட்கருக்களை
லாடம் போல ஓரத்தில் அடுக்கிக்கொண்டு
பெரிய செல் ஒன்று.
புற்று இப்படி உட்காராது.

உட்காராது என்று எழுதிவிடலாமா?
பன்னிரண்டு வருடம் முன்பு ஒருத்தி,
கொருக்குப்பேட்டை. பெயர் வேண்டாம்.
வயிறு நிறைய நீர், சூலகத்தில் கட்டி,
ரத்தத்தில் எண் எகிறியிருந்தது.
எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்.
அந்த நீரைப் பார்த்து நானும்
'சந்தேகத்துக்குரியது' என்று எழுதினேன்.
கர்ப்பப்பை வாளியில் வந்த பிறகுதான் பார்த்தேன்,
அதன் மேல் தினை இறைத்தாற்போல் முடிச்சுகள்.
ஆறு மாத மாத்திரையில் கரைந்திருக்கும்.
அவளுக்கு இருபத்தாறு வயது.

ஆகவே சிவப்புச் சாயம். சூடு. அமிலம். பிறகு நீலம்.
வெளுப்பதற்கென்றே பேர் வாங்கிய பேட்டையில்
அமிலத்துக்கும் வெளுக்காததைத் தேடுகிறேன்.
நூறு புலம் பார்த்தேன், ஒன்றுமில்லை.
கரண்ட் போய் வந்தது.
எண்ணுவதை விட்டபிறகு எங்கோ
நீலத்தின் நடுவே
கிள்ளிப் போட்ட சிவப்பு நூல், சற்றே வளைந்து.
பக்கத்தில் இன்னொன்று.
லாரி வந்தது. மூச்சைப் பிடித்தேன்.
குலுங்கி நின்ற பிறகும் அங்கேயே இருந்தன.

டாக்டருக்கு அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது.
ஆனால் அமலோற்பவம்
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.
"புத்து இல்லம்மா. டிபி. முதுகெலும்புல.
மாத்திரைல சரியாயிடும்."
அழுவார் என்று நாற்காலியை இழுத்தேன்.
உட்காரவில்லை. ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார்.

"புத்துன்னதும் சர்ச்சுல பேர் சொல்லி ஜெபம் பண்ணாங்க மேடம்.
கோழி சூப்பு வெச்சி கொணாந்தாங்க.
டிபின்னா டம்ளர தனியா வெப்பாங்க.
ஹவுஸ் ஓனரு இன்னா சொல்வாரோ."
புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார்.
"கட்டின்னே இருக்கட்டுமே, இன்னா இப்ப?"

எலும்பில் இருப்பது இருமலில் பரவாது,
நுரையீரலில் நிழல்கூட இல்லை
என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார்,
அட்வான்ஸ் தொகையைக் கேட்டுக்கொள்கிறவர்
தலையாட்டுவது போல.

அறிக்கையில் காசநோய் என்றுதான் அடித்தேன்.
உறையின் மேல் பெயர் மட்டும்.
ஒட்டும்போது
இரண்டு தடவை கோந்து தடவினேன்.