எப்போதாவது

லேமிங்டன் ரோட்டில் மழை.
நீலத் தார்ப்பாயின் வயிற்றில் தேங்கிய நீரைக்
குடைக்காம்பால் குத்திச் சரிக்கிறான் ஒரு பையன்.
அதனடியில் ஒதுங்கி நின்று
ஜெபின் எழுதித் தந்த தாளை
இன்னொரு முறை படிக்கிறேன்.

பதினாறு ஜிபிக்குக் குறையவே கூடாது.
ரேமை மாற்ற முடியாதென்றால் எழுந்து வந்துவிடுங்கள் அத்தை.
ஃபேன் இரைச்சலைக் காது வைத்துக் கேளுங்கள்.
அறுபத்தைந்தைத் தாண்ட வேண்டாம்.
கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

கேதன் பாயின் கடை இரண்டாம் மாடியில்.
படிக்கட்டெல்லாம் அட்டைப்பெட்டி.
எதற்கு வேண்டும் என்கிறார்.

சொல்கிறேன்:
முலுண்டில் மூன்று ஹவுசிங் சொசைட்டிகளின் கணக்கு.
ஏழு மாதமாகப் பராமரிப்புப் பணம் தராத
பி விங் நானூற்று இரண்டுக்கு எழுதும் கடிதங்கள்.
கேட்டதும் தூங்கிவிடும் வரித்துறைத் தளம்.
இருபத்திரண்டு டேப்.
இவற்றுக்கு நடுவில்
செயலாளர் பண்டாரேயின் வீடியோ கால்.
இப்போதிருப்பதில் எக்ஸெலைத் திறந்தால்
பண்டாரே வாய் திறந்தபடி உறைந்துபோவார்.
அதை மட்டும் குறையென்று சொல்ல மாட்டேன்.

அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்றிருக்கலாம்.
நாற்பத்தேழு வயது.
முழங்கால்வரை நனைந்த சுடிதார்.
'கேமும் உண்டு. எப்போதாவது.'

எப்போதாவது என்பதை
எவ்வளவு மெல்லச் சொன்னாலும்
கடை முழுக்கக் கேட்டுவிடுகிறது.
எப்போதாவது குடிப்பேன் என்பவரைப் பார்ப்பதுபோல
ஹெட்ஃபோன் வாங்க வந்தவன்கூடத் திரும்பிப் பார்க்கிறான்.

பையனுக்கா?
எனக்கு.

கேதன் பாய் சிரிக்கவில்லை, அதற்காகவே
இங்கேயே வாங்கிவிடுவதென்று முடிவுசெய்தேன்.
இடிந்த ஊரொன்றைத் திரையில் திறந்து
துப்பாக்கியை என் பக்கம் நகர்த்துகிறார்.
எனக்கு யாரையும் சுட வேண்டாம்.
லாரி ஓட்ட வேண்டும்.

இரவு பதினொன்றுக்கு மேல்
பதினெட்டுச் சக்கரம், முதுகில் மரக்கட்டை,
வாயில் நுழையாத ஓர் ஊரிலிருந்து
வாயில் நுழையாத இன்னோர் ஊருக்கு.
ஆளில்லாச் சந்திப்பிலும் சிவப்புக்கு நிற்பேன்.
முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முழங்கை கிடையாது.
காலையில் டோம்பிவ்லி ஃபாஸ்டில்
என் காலின் மேல் யார் கால் என்றே தெரியாது.

பழையதில் அந்த லாரி
தாவித் தாவித்தான் போகும்.
பாலம் தொடங்கும்,
திரை ஒருமுறை விக்கும்,
பாலம் முடிந்திருக்கும்.
நடுவிலிருந்த ஆற்றை நான் பார்த்ததே இல்லை.

கேதன் பாய் இரண்டை எடுத்துவைக்கிறார்.
ஒன்று மெலிது, ஒன்றரைக் கிலோ,
பண்டாரேக்கும் இருபத்திரண்டு டேப்புக்கும் தாராளம்,
தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை.
மற்றது செங்கல்.
சார்ஜரே அரைச்செங்கல்.
நாலு மணி நேரம் தாங்கும் பேட்டரி,
அதுவும் கேம் ஓடாதிருந்தால்.

கையில் இரண்டையும் தூக்கிப் பார்க்கிறேன்.
கணக்கு எளிது:
ஆற்றின் விலை ஒன்பதாயிரம் ரூபாய்,
எடை ஒரு கிலோ,
லேடீஸ் டப்பாவில் கூடுதலாக ஒரு சண்டை.

அறுபத்தெட்டு என்றார். அறுபத்தாறில் நின்றோம்.
மவுஸ் ஒன்றைச் சும்மா போட்டார்.
தாளிலிருந்த இரண்டு கோடும்
மழையில் ஊறி ஒரே பட்டையாகியிருந்தன.

முதல் இரவு அப்டேட்டில் போயிற்று.
மறுநாள் பண்டாரே
ஒரு சொல்லும் விடாமல் முழுதாகக் கேட்டார்,
நாற்பது நிமிடம்.

மூன்றாம் நாள் பாலத்துக்கு வந்தேன்.
ஃபேன் பிரஷர் குக்கர்போல இரைந்தது.
ஆறு இருந்தது.
அகலம் அதிகமில்லை, கரையில் ஒரு படகு.
நட்ட நடுவில் லாரியை நிறுத்திவிட்டேன்.
பின்னால் ஒரு ஹார்னும் இல்லை.

பாலத்தில் நிறுத்தியதற்கு
நூற்றைம்பது யூரோ அபராதம் என்றது திரை.
கட்டினேன்,
இதை எந்தத் தலைப்பில் எழுதுவது
என்று யோசித்தபடி.