காற்று வரவு

செக்காலை ரோட்டுப் பட்டறையில்
மரப்பெட்டிக்குள் வந்து இறங்கியது சூப்பர்சார்ஜர்.
பழைய சரக்கு. புல்லியில் யாரோ கீறிவைத்த ஷார்ஜா நம்பர்.
சிகப்பி விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள்,
அண்டா வாங்குகிறவள்போல.
"இது ஊதினா கொடைக்கானல் ஏறிடுமா?"

ஏறும்.
ஆறு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப் அவளுடையது.
எட்டு அடுப்பு, நானூறு இலைக்கான சாமான்,
பணியார மாவு நாலு தூக்கு, பின்னால் ஜெனரேட்டர்.
போன வைகாசியில் டம்டம் பாறை வளைவில்
முதல் கியரில் முனகி நின்றுவிட்டது.
மாவு புளித்துவிட்டது என்கிறாள் இன்னும்.

காற்றைத் திணிப்பது பெரிய வேலை இல்லை.
கனி பாய் ரெண்டு நாளில் பெல்ட் மாட்டிவிடுவார்.
விஷயம் டேஷ்போர்டுக்குக் கீழே,
கை அகல அலுமினியப் பெட்டியில்.
வந்த காற்றை வரவு வைத்து
அதற்குத் தக்க பெட்ரோலைச் செலவெழுதும் கணக்குப்பிள்ளை அது.
கம்பெனி கொடுத்த பேரேட்டில்
ஊதிவரும் காற்றுக்குப் பத்தி கிடையாது.
அளவுக்கு மேல் வந்தது
அதைப் பொறுத்தவரை வரவே இல்லை.

ஆளையே மாற்றலாம் என்றேன். புதுப் பெட்டி, எல்லாம் என் கையில்.
அதற்கு ஒன்றும் தெரியாது:
மார்கழிக் காலையில் எப்படி எழுவது,
ஏசி போட்டால் எப்படித் தடுமாறாமல் நிற்பது,
ஆட்டோமேட்டிக் கியரிடம் என்ன பேசுவது.
ஒவ்வொன்றாய்ச் சொல்லித்தர வேண்டும்.
எனக்கு ஆசை அதில்தான்.

பழையவரை வைத்துக்கொண்டே பேரேட்டைத் திருத்தி எழுதலாம்.
பூட்டைத் திறக்கிறவன் கோயம்புத்தூரில்; காத்திருக்க வேண்டும்.

இல்லையென்றால் நடுவில் ஒரு தரகர்.
சென்சார் சொல்வதைக் காதில் வாங்கி
கம்ப்யூட்டரிடம் குறைத்துச் சொல்கிற சின்னப் பெட்டி.

"எது மலிவு?"
தரகர்.
"முகூர்த்தம் பத்து நாள்ல."
தரகரை மாட்டினோம்.

குன்றக்குடி தாண்டி நேர்ரோடு. தண்ணீர் டிரம்கள் பாரத்துக்கு.
அவள் ஓட்டினாள், என் மடியில் லேப்டாப்.
மூன்றாம் கியரில் முழுசாக மிதித்தபோது
பித்தளைச் சொம்பில் கோலிக்குண்டு உருட்டுகிற சத்தம்.
காலை எடுங்க என்று கத்தினேன்.

புளியமரத்தடியில் நிறுத்தி விளக்கினேன்:
இன்ஜெக்டரைப் பெரிசாக்கினோம். பெட்ரோல் வழியாமலிருக்க
காற்றைக் குறைத்துச் சொன்னோம்.
காற்றுக் குறைவென்றால் பாரம் லேசு என்று நம்பி
தீப்பொறியை முன்னால் தள்ளிவிட்டார் பழையவர்.
அவர்மேல் தப்பில்லை.

சிகப்பி கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பார்த்தாள்.
"படியைப் பெரிசாக்கிட்டு
நானூறு இலையை முந்நூறுன்னு சமையக்காரன்ட்ட சொன்னா
சோறு சரியா வந்துரும்.
உப்பு?"

பன்னிரண்டு வருஷமாக இந்த வேலை செய்கிறேன்.
இவ்வளவு சுருக்கமாக நான் யாருக்கும் சொன்னதில்லை.

அப்போ புதுப் பெட்டி போட்டுரலாம் என்றேன், அவசரமாக.
"ராத்திரி ரெண்டு மணிக்கு மலைமேல நின்னுச்சுன்னா யாரைக் கூப்பிட?"
என்னை.
"நீங்க தூங்கிட்டா?"

திருத்தி எழுதுவதென்று முடிவானது.
கல்யாணத்துக்கு வாடகை லாரி போயிற்று; மாவு புளிக்கவில்லை.
கோயம்புத்தூரிலிருந்து பூட்டுத் திறந்து வந்தது.
கூடுதல் அழுத்தம் படிக்கிற சென்சார் மாட்டி
ஏழு ராத்திரி கட்டம் கட்டமாக நிரப்பினேன்.
பத்திகள் கூடின. தீப்பொறி பின்வாங்கி நின்றது.
யாரும் யாரிடமும் எதையும் குறைத்துச் சொல்லவில்லை,
நான் தவிர.
கனி பாயிடம் மட்டும் பேசி
ஒரு சுற்றுப் பெரிய புல்லி போட்டிருந்தேன்.

கொடைக்கானல் போய் வந்து, வண்டியை அணைக்காமலே கேட்டாள்:
"ஏழு பவுண்டு ஊதும்னீங்க. முள்ளு ஆறுல நிக்குது.
ஒரு பவுண்டு எங்கே?"

கையிருப்பு, என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
டேஷ்போர்டிலிருந்து நோட்டை எடுத்து
எழுதிக்கொண்டாள்.