இருநூறு வீதம்

மழை விட்டு அரை மணித்தியாலம்.
காலி வீதி பஸ்கள் தண்ணீரை வாரி
நடைபாதையில் எறிந்துகொண்டு போகின்றன.
கொமியுனிகேஷனில் எரிகிற ஒற்றை ரியூப் லைற்றுக்கு
வெள்ளவத்தை மண்ணெல்லாம் சிறகு முளைத்து வருகிறது.

"ஈசல்" என்கிறார் நவ்பர் நானா,
தும்புத்தடி தேடியபடி.

ஈசல் இல்லை நானா.
ஈசலுக்கு இடுப்பே கிடையாது, நாலு சிறகும் ஒரே நீளம்.
இதுகளுக்கு இடுப்பு நூலாய் இறுகியிருக்கு,
முன்சிறகு நீளம், பின்சிறகு கட்டை.
எறும்பு.

"எதெண்டாலும் மெஷினுக்குள்ள போகும்."

எனக்குத் தெரிந்ததும் பாதிதான்.
போன வருடம் கெம்பஸ் பிள்ளையொன்று
எறும்பைப் பற்றிய ஆய்வேட்டில் ஆறு கொப்பி கேட்டது.
சூடாக வந்த தாள்களை அடுக்கும்போது வாசித்தேன்.
ஒற்றை எண் பக்கங்கள்தான் மேலே முகம் காட்டின.

சொப்பின் பையில் சுற்றிய பத்திரத்தோடு
ஒருத்தி ஏறி வந்தாள், பாவாடைக் கரை நனைந்திருந்தது.
பிறப்புச் சான்றிதழ். நாலு கொப்பி.
முதலாம் ஆண்டுக்கு அனுமதி, நாளைக்குக் கடைசி நாள்.
பிள்ளையின் பெயர் சாரங்கன்.

மூன்று சுத்தமாக வந்தன.
நாலாவதில்
தகப்பனின் முழுப்பெயர் என்ற கட்டத்தில்,
யாரோ பேனையால் இழுத்துவிட்ட கோட்டின்மேல்
சிறகு விரித்துக் கிடந்தான்.

"இதென்ன, ஈசலோ?"
எறும்பு. ஆண்.
"ஆணெண்டு எப்பிடித் தெரியும்?"

தலை கடுகு, அதில் பாதி கண்.
தாடை பேருக்கு; கடிக்கவுமில்லை, சுமக்கவுமில்லை.
மெலிந்த உடம்பு. ராணியென்றால்
தோள் அகலம், வயிறு கனம்,
தரை தொட்டதும் தன் சிறகைத் தானே ஒடித்துப்போட்டு
மண்ணுக்குள் போய்விடுவாள்.
இவன் சிறகோடேயே முடிந்துபோவான், நாளைக்கோ இண்டைக்கோ.

பதினேழாம் பக்கத்தை நான் சொல்லவில்லை:
கருக்கட்டாத முட்டையில் பிறப்பவன்,
தாய் மட்டும்தான். தாய்க்குத் தகப்பன் உண்டு,
இவனுக்கு இல்லை.
அவனும் ஒற்றை எண் பக்கங்களால் ஆனவன்.

வேறொன்று எடுத்துத் தாறன் என்றேன்.
"அதுக்கும் காசோ?"
இல்லை.
கண்ணாடியை விரலால் துடைத்தேன்.
சிறகொன்று மட்டும் ஒட்டிக்கொண்டு வரவில்லை;
நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.
அவள் நாலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
எண்ணி வாங்கிக்கொண்டு
மறுபடி தொடங்கிய தூறலில் இறங்கினாள்.

ஷட்டர் பாதி இறக்கியபின்
அந்தக் கட்டத்தை மட்டும் பெரிதாக்கினேன், இருநூறு வீதம்.
சிறகின் நரம்பு தெரிந்தது.
கோடு தடித்து, நடுவில் பேனை தயங்கி
மை கொட்டிய இடம் தெரிந்தது.

பழுதான தாளை நானா கேட்டார்,
பின்பக்கம் வெறுமைதானே,
கணக்கெழுத ஆகும் என்று.

கொடுக்கவில்லை.