தரம் சரி

மூட்டையின் மேல் ஓர் ஓநாய்
பனிமலையில் நின்று நிலாவைப் பார்க்கிறது.
மூட்டைக்குள் மக்காச்சோளம்.
தையல் மடிப்புக்குள் ஒளிந்திருந்த பொடி எழுத்தை
நகத்தால் நீவிப் படித்தேன்:
முதலில் சோளம்,
அடுத்தது சோளத் தவிடு,
மூன்றாவதாக, இறைச்சி சார்ந்தவை.
சார்ந்தவை என்றால்?
கொம்பும் குளம்பும்கூட மாட்டைச் சார்ந்தவைதான்.

ஸ்டோர் கிளார்க் கஜபதி ரசீதை நீட்டுகிறார்.
'தரம் சரி' என்று அச்சாகியே வந்திருக்கிறது.
அதன் கீழே ஒரு கோடு, என் கையெழுத்துக்காக.
"நாய்தானே மேடம், இன்னா போட்டா இன்னா,
துன்னுட்டுப் போவுது."

துன்னும்.
அதுதான் என் கஷ்டமே.
நான் 'சாப்பிடு' என்று சொல்லிவிட்டால்
கருங்கல் ஜல்லியைக்கூடக் கடிப்பாள்.
காகிதத்தில் அவள் ரெனே.
காட்பாடி போர்ட்டர்களுக்கு ரேணு.

மே மாதம்.
ஒன்றாம் நடைமேடையில் குழாய் ஒழுகி நனைந்த ஓரமாகவே
அவளை நடத்திப் போகிறேன்.
தன்பாத் வண்டி
தாமதமாக வரும், அவசரமாகப் போகும்.
அதற்குள் இருக்கைக்கு அடியில்
சாக்கு, சூட்கேஸ், பெயிண்ட் பக்கெட்,
ஊறுகாய், கருவாடு, குழந்தையின் பால் புளிப்பு,
முந்நூறு பேரின் இரண்டு நாள் வியர்வை.
எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு போய்
ஒரே ஒரு வாசனையின் முன்னால் உட்கார வேண்டும்.
குரைக்கக் கூடாது.
உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இளைக்கும் நாய்க்கு மூக்கு கிடையாது,
வாய் திறந்தால் வாசனை போச்சு
என்பார் டாக்டர் இம்தியாஸ்.
"நீங்க ஓடறது சோத்துல.
அவ ஓடறது கொழுப்புல."

ஓநாய் மூட்டை பிரித்த ஆறாம் நாள்
நான்காவது பெட்டியிலேயே
அவள் நாக்கு தொங்கிவிட்டது.
காலையில் பேப்பருக்கு முன்னால்
அவள் போனதைத்தான் நான் படிப்பது வழக்கம்.
வெளுத்து, பெருத்து, நாளைக்கு நாலு தரம்:
போட்டதெல்லாம்
போய்க்கொண்டே இருந்தது.
மூட்டையின் வாயில் முகத்தை வைத்து
எனக்கு வாய்த்த மூக்கால் முகர்ந்தேன்.
ஊறிய அட்டைப்பெட்டி. கொஞ்சம் காறல்.

எழுநூறு பெட்டியில் ஒன்றைக் கண்டுபிடிப்பவளுக்குத்
தன் தட்டைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.
அந்த ஒரு தேர்வை என்னிடம் விட்டிருந்தாள்.
அதற்கும் டெண்டர் போட்டுவிட்டார்கள்.

நான்கு நாளாகக் கழிஞ்சூர் கோழிக்கடையில்
ஈரலும் கல்லீரலும் இல்லாத நெஞ்சுக்கறியுமாக வாங்குகிறேன்.
"வீட்ல விசேஷமா மேடம்?"
"ஸ்டாஃபுக்கு" என்றேன்.
உப்பில்லாமல் வேகவைத்து, முட்டை உடைத்து ஊற்றி,
எனக்கு ரவை உப்புமா.
அதற்கும் டாக்டர் திட்டினார்:
கண்டபடி கறி போட்டாலும் தப்புதானாம்,
அளவு வேண்டுமாம், சுண்ணாம்புச் சத்து வேண்டுமாம்.
நடைமேடையில் யாராவது அன்பாக நீட்டும்
ஆம்பூர் பிரியாணி எலும்பை
நான்தான் தட்டிவிடுவேன்.
வெந்த எலும்பு குடலுக்குள் ஊசியாக உடையும்.
நீட்டியவர் முகமும் உடையும். என்ன செய்ய.

வேலூர் ஆபீசர்ஸ் லைன் கடையில் ஒரு மூட்டை பார்த்தேன்.
படமே இல்லை.
முதல் சொல் கோழி. அடுத்தது மீன்தூள்.
தயாரித்த தேதி
படிக்கிற மாதிரி இருந்தது.
விலை ஒன்றரை மடங்கு, தட்டில் பாதி போதும்.
இந்தக் கணக்கை
மூன்று பக்கக் குறிப்பாக எழுதி அனுப்பியிருக்கிறேன்.
பதில் வந்தபாடில்லை.

கஜபதி பேனாவை இன்னும் நீட்டியபடி இருக்கிறார்.
வாங்கி, 'சரி'யை அடித்தேன்.
"திரும்பி வரும் மேடம்."
"வரட்டும்."

அறிவிப்புக்கு முன்பே ரேணு எழுந்துவிட்டாள்.
தண்டவாளம் அவளிடம்தான் முதலில் சொல்லும்.

அன்றிரவு எதன் முன்னாலும் அவள் உட்காரவில்லை.
ஒன்பது பெட்டி நடந்தோம்.
ஒன்பதாவதின் கடைசிப் படுக்கை வரைக்கும்
வாய் மூடியே இருந்தது.