கொசுறு

அறுவை அறிக்கையில் ஒரு வரி:
இடது மார்பு, முந்நூற்று எண்பத்தைந்து கிராம்.
யாரோ நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.
என்னைக் கேட்காமல்,
என் தராசில் வைக்காமல்.

முப்பது வருடமாய் ப்ளோவ்திவ் சந்தையில்
பயறும் வெள்ளை மொச்சையும் நிறுத்துப் போடுகிறவள் நான்.
அடுத்தவர் சொல்லும் எடையை
ஒருநாளும் நம்பியதில்லை.

முதல் இரண்டு மாதம்
கடைப் பயற்றையே காலுறையில் கட்டி
பழைய பிராவுக்குள் திணித்துக்கொண்டேன்.
மூட்டை தூக்கினால் அது கழுத்தெலும்புக்கு ஏறிவிடும்.
ஒருநாள் முடிச்சு அவிழ்ந்து
வாடிக்கைக்காரி முன்னால்
பாவாடை விளிம்பு வழியே பொலபொலவென்று கொட்டியது.
"ஓட்டை மூட்டையா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்வது.

கம்பி வைத்ததை விட்டது வெட்கத்தால் இல்லை.
தழும்பின் மேல் அந்தக் கம்பி,
பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்
கடன்காரன்.

மிளகாய் விற்கும் கிரில்தான் சொன்னான்:
"தொன்கா, ஒரு பக்கம் சாய்கிறது பார்."
தராசைப் பார்த்தேன். முள் நேராகத்தான் நின்றது.
அவன் பார்த்துக்கொண்டிருந்தது
என் தோள்களை.

மருத்துவமனைக்கு எதிர்ச் சந்து, இரண்டாம் மாடி.
ஸ்னெஷானாவின் விரல்கள் சில்லென்று இருந்தன.
மன்னிப்புக் கேட்டு
தன் அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வந்தாள்.
நாடாவை மார்புக்குக் கீழே சுற்றி
"மூச்சை இழு. இன்னும். இப்போது இருமு.
மேல் அலமாரியில் ஏதோ எடுப்பதுபோல் கையை உயர்த்து."
உயர்த்தினேன்.
அக்குளுக்குள் ஒரு நூல் சுண்டி இழுத்தது.
பட்டை மட்டும் மேலே ஏறவில்லை.

இரண்டு விரல் அகலத் தோள்வார்,
உள்பக்கம் பருத்திப் பை,
தழும்பைத் தொடாமல் சுற்றிப் போகும் தையல்.
நாலு மாதத்தில் முதல்முறை
மறந்துபோய் மூச்சு விட்டேன்.

பிறகு பைக்குள் சிலிக்கானை வைத்தாள்.
பெட்டியின் மேல்: நானூற்றுப் பத்து.

"இருபத்தைந்து கிராம் அதிகம்."

அவளுக்குப் புரியவில்லை.
கைப்பையிலிருந்து அறிக்கையை எடுத்து நீட்டினேன்.
நிதானமாகப் படித்தாள்.
"போனதற்கு இல்லை, இருக்கிறதற்குத்தான் ஜோடி பார்க்கிறேன்" என்றாள்.
"நீயும் கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய்."

நிறுத்து முடித்தபின்
ஒரு பிடி அள்ளி மேலே போடுவேனே,
அந்தக் கொசுறை
எத்தனை பைகளில் போட்டிருப்பேன்.
எனக்கு இதுதான் முதல்.

"பொருந்துகிறதா?"
தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.
எங்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்று பொருள்.

மறுநாள் விடியுமுன் கடை திறந்து,
யாரும் இல்லாதபோது
அதைத் தராசில் வைத்தேன்.
தட்டில் கொஞ்சம் ஆடிவிட்டு அடங்கியது.
நானூற்று நாலு.

ஆறு கிராம் குறைச்சல்.
பெட்டிக்காரனும் சந்தைக்காரன்தான்.

கிரில் வருமுன்
பைக்குள் போட்டு, கொக்கியை மாட்டி,
மொச்சை மூட்டையைத் தூக்கினேன்.
எதுவும் கழுத்துக்கு ஏறவில்லை.