எண்பத்தேழாம் கிண்ணம்

பால்வீதியின் நடுவயிறு மேற்கே சாயும்வரை
செய்வதற்கு ஒன்றுமில்லை.
ஆகஸ்ட் கடைசி. இரவு இரண்டாகிவிடும்.
கைப்பேசிகளை வாசல் காவலறையில்
இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு வந்திருக்கிறோம்.
மைக்ரோவேவ் இங்கே கூடாது;
நூலீன் கொண்டுவந்த ஆட்டுக்கறி
டப்பாவுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது.
வெளியே காரூ வறள்வெளியில்
முந்நூறு கிண்ணங்கள் மல்லாந்து படுத்திருக்கின்றன.

கிண்ணம் என்றதும் பளபளப்பாக எதையும் நினைக்காதீர்கள்.
மின்கம்பத்து மரம், பிளாஸ்டிக் குழாய்,
கோழிக்கூண்டுக் கம்பிவலை.
கட்டியவர்கள் வில்லிஸ்டன்காரர்கள்,
ஆட்டுவேலி கட்டுகிற அதே குறடுகளால்.
ஆப்ரி ஃபிஸாகி ஒவ்வொரு முடிச்சையும்
இரண்டே முறை முறுக்குவான்.
மூன்றாவது முறுக்கு கம்பிக்கு வலிக்குமாம்.

தேடுவது இதை:
முதல் விண்மீன்களின் வெயில் பட்டு உடைந்துபோகுமுன்
ஹைட்ரஜன் விட்ட மூச்சு.
கிளம்பும்போது அந்த அலை ஒரு சாண்.
ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டு
விரிகிற வெளியில் இழுபட்டு இழுபட்டு
வந்து சேரும்போது எண்சாண்.
ஒரு முழு ஆள்.
வாசலில் ஆள் நிற்பது தெரியாதபடி
லட்சம் மடங்கு சத்தமாக
நம் சொந்தப் பால்வீதி.

ஆகவே முதலில் காதுகளைத் திருத்த வேண்டும்.
பானைக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது,
ஒவ்வொரு சோறும் ஒவ்வொரு பதம்.
ஒன்று ஊதிப் பெருக்கும். ஒன்று விழுங்கும்.
ஒன்று சில நானோநொடி தாமதித்துத் தலையாட்டும்.

வழி எளியது, சொல்வதற்கு.
ஒரே திசையில் ஒரே இடைவெளியில் நிற்கும் இணைகள்
ஒரே வானத்தைத்தான் கேட்டாக வேண்டும்.
பன்னிரண்டும் பதின்மூன்றும் கேட்டது
நாற்பதும் நாற்பத்தொன்றும் கேட்டதோடு
பொருந்தவில்லையென்றால்
குற்றம் வானத்தின்மேல் இல்லை.

மூன்று வாரமாக வரைபடத்தில் ஒரு மேடு.
யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.
ஆனால் கேப் டவுனிலிருந்து வரும் மின்னஞ்சல்கள்
மிக மரியாதையாக மாறியிருந்தன.

நூலீன்தான் எழுந்து போனாள்.
உறைபனியில் கரகரத்த செடிகளைத் தாண்டி,
வௌவால்காது நரி ஒன்று நின்று பார்க்க,
எண்பத்தேழின் வலைக்கதவைத் திறந்து குனிந்தாள்.
கேபிள் முனை அரைத் திருகு தளர்ந்திருந்தது.
நூற்றைம்பது மீட்டர் போய்
முட்டித் திரும்பிக்கொண்டிருந்த எதிரொலி,
ஒன்றேகால் மைக்ரோநொடி,
திருத்தத்தின் வழியே எல்லாக் கிண்ணங்களுக்கும் தொற்றியிருந்தது.
திருகினாள்.
மேடு போய்விட்டது.
கேப் டவுனுக்கு நான் மூன்று வரி எழுதினேன்,
இரண்டை அழித்தேன்.

அடுத்த வாரம் ஒரு காரியம் செய்தேன்.
பொய்யாக ஒரு மூச்சைச் செய்து
யாருக்கும் சொல்லாமல் தரவுக்குள் கலந்து
திருத்தத்துக்கு அனுப்பினேன்.
பாதிதான் திரும்பி வந்தது.
எங்கள் வானப் பட்டியலில் இல்லாததையெல்லாம்
கருவியின் அழுக்கு என்று
நிரல் கழுவிவிட்டிருந்தது.
தெரிந்த வானத்தைப் படிக்கல்லாக வைத்தால்
தெரியாத வானம் எடை குறையும்.

நூலீனிடம் சொன்னேன்.
கறியிலிருந்து கொழுப்பை விரலால் ஒதுக்கிக்கொண்டே
"எவ்வளவு தின்கிறது என்று இப்போது தெரியும்தானே?"
என்றாள்.
தெரியும்.
அதுவரை தெரியாமல் இருந்த மூன்று வருடத்தை
அவள் கேட்கவில்லை.

இரண்டு மணி. மையம் சாய்ந்துவிட்டது.
பதிவேட்டில் அவள் கையெழுத்து:
87, அரைத் திருகு, சரி.
அதன் கீழே, வேறு பேனாவில்:
141, நேற்றிலிருந்து மௌனம்.
டார்ச்சை எடுத்துக்கொண்டு
இந்த முறை நான் போகிறேன்.