கணு

திருடி நட்டால்தான் காசு ஒட்டுமாம்.
கேட்டு வாங்கினால் வெறும் கொடி.
சொன்னது யாரென்று ஞாபகமில்லை;
சொன்னவர் வீட்டிலும் காசைக் கண்டதில்லை.

ஹட்டனில், அடகுக் கவுண்டருக்குப் பக்கத்தில்
பெயின்ட் வாளியிலிருந்து கிளம்பி
மின்குழாய் வரை போயிருந்தது மணிபிளாண்ட்.
சங்கிலியைத் தராசில் போட்டார்கள்.
ஒன்றரைப் பவுணுக்குக் கொஞ்சம் குறைவு.
அந்தக் குறை என் கழுத்தில் தேய்ந்தது.
ரசீதில் புஷ்பகாந்தியைப்
புஷ்பசாந்தி என்று எழுதினார்கள்.
நான் திருத்தவில்லை.
கடன் சாந்தியுடையது, களவும் அவளே செய்யட்டும் என்று
ஓர் இலையைக் கிள்ளிக் குடைக்குள் போட்டேன்.

அந்தக் காசில் காம்பராவுக்குப் புதுத் தகரம்.
பதினாறு தகடு, ஆணி, வோஷர், லொறிக் கூலி.
ரட்ணவேல் மேலே நின்று ஆணி அறைய
கீழே ஜன்னல் கட்டையில் ஹோர்லிக்ஸ் போத்தல்
ஒவ்வோர் அடிக்கும் நடுங்கியது.
பதினெட்டாம் நாள் வெள்ளையாய் ஒரு வேர்.
லயம் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிறகு மாதக்கணக்கில்
வேர் போத்தலுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது,
இலை அதே இலை.
வாடவுமில்லை, இன்னொன்று விடவுமில்லை.
வட்டி மட்டும் கட்டிவரும் ரசீது மாதிரி.

“கணு இல்லாம வெட்டியிருக்கீங்க” என்றாள் டிலுக்ஷி,
போனிலிருந்து தலையை எடுக்காமல்.
“வேர் வரும். குருத்து வராது.”

அடுத்த வட்டிக்குப் போகும்போது
பர்சுக்குள் பாதி பிளேடு.
காவலர் திலகரட்ண மஸ்கெலியா பஸ்ஸைப் பார்த்திருந்த நேரம்,
கணுவுக்குக் கீழே ஒரு விரல் விட்டு, சாய்வாக.
சத்தமே வரவில்லை.
என் நெஞ்சுதான் ஊருக்கே கேட்டது.

பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது,
ஓரிரவு அடுப்படியில் வைத்துக் குளிர் போக்க வேண்டும்.
தைப்பனியில் இலை கண்ணாடியைத் தொட்டால் கறுக்கும்;
ராத்திரிக்கு உள்ளே இழுத்து வைத்தேன்.
மண்ணுக்கு மாற்றிய பிறகு
விரலின் இரண்டாம் ரேகை வரை காய்ந்தால்தான் தண்ணீர்.
சனிக்கிழமைகளில் இலையிலிருந்து
விறகுப் புகையைத் துடைத்தேன்.
தேயிலைச் சக்கை போடலாமா என்றார்கள்.
வேண்டாம்,
வீட்டில் ஒன்றாவது அது படாமல் வளரட்டும்.

தொங்கவிட்டால் இலை சிறுக்கும்,
ஏறவிட்டால் பெருக்கும்.
தும்புக் கயிறு கட்டினேன்.
சுண்ணாம்புச் சுவரில் பல்லிக்கால் போல வேர் பதித்து
என் உள்ளங்கையை விடப் பெரிய இலையோடு
ஒருநாள் தகரத்தைத் தொட்டது.
என் சங்கிலியை.
மத்தியானச் சூட்டில் நுனி கருகிவிட்டது.
நூல் போட்டுக் கீழே திருப்பினேன்.
நானென்றால் திரும்பியிருக்க மாட்டேன்.

அடுத்த முறை போனபோது அடகுக் கவுண்டர் புதுமஞ்சளாய் மின்னியது.
கொடியைக் காணோம்.
வாளிக்குள் நாலைந்து குடைகள் நின்றன.
“பெயின்ட் அடிக்க வந்த ஆக்கள் வெட்டிப் போட்டாங்க, அக்கா”
என்றார் திலகரட்ண.
கொஞ்சம் பொறுத்து, பஸ்ஸைப் பார்த்தபடியே:
“உங்ககிட்ட இருக்குத்தானே.”

காது சூடேறிப் போனது.
ஆறு மாதம் யோசித்தேன்.
கையில் கொடுத்தால் வெறும் கொடி.
மகளுக்குக் கலியாணம் பேசுகிறாராம் மனுசன்.

அதனால் இந்தத் தடவை
நாலு கணு வைத்த துண்டொன்றை, ஈரத் துணி சுற்றி,
குடைக்குள் போட்டு
நுனி வெளியே தெரிய
அவருடைய நாற்காலிப் பக்கம் சாய்த்துவிட்டு
நான் பஸ்ஸைப் பார்த்தேன்.
மஸ்கெலியா போனது. பொகவந்தலாவை போனது.

“புஷ்பசாந்தி!” என்று கூப்பிட்டார்கள்.
எழுந்து போய்
வட்டியைக் கட்டினேன்.